உட்கார்ந்த குற்றம்

இரண்டு நாள்களாகச் சுற்றிவரும் அந்தப் படத்தைப் பற்றி நானும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஜவுளிக் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் படமெடுத்து, "இதற்குத்தான் சம்பளமா?" என்று போட்டவருக்கு என் நட்புப் பட்டியலிலேயே பதினொரு பேர் விருப்பக்குறி இட்டிருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அவர் உட்கார்ந்தது சலுகை அல்ல, சட்டம். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் சேர்த்த 22-ஏ பிரிவு, ஊழியர்கள் அனைவருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் விற்பனைப் பெண்கள் போராடியதன் பயனாகக் கேரளம் 2018இலேயே இதைச் செய்துவிட்டது.

பத்தொன்பது வயதில் நானும் சேலை செக்‌ஷனில் ஒன்றரை ஆண்டு நின்றவள். 'வேலை பார்த்தவள்' என்று எழுதாதது தெரிந்தேதான். ரேக்கில் சாய்ந்தால் ஐம்பது ரூபாய் பிடித்தம். அடித்தட்டில் ப்ளவுஸ் பிட் தேடுவதுபோலக் குந்தி, மனத்துக்குள் முப்பது எண்ணிவிட்டு எழுவோம். அதுதான் எங்கள் ஓய்வு. கழிப்பறைக்குப் போகச் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும் என்பதால் தீபாவளி சீசனில் தண்ணீரே குடிக்க மாட்டோம். அன்று என் இடது கெண்டைக்காலில் புடைத்த நரம்பு இன்றும் அப்படியே இருக்கிறது. அந்தப் பதினொரு பேரும் வந்து பார்த்துப் போகலாம்.

வாடிக்கையாளர் வந்தால் எழ வேண்டாமா என்கிறீர்கள். எழுவார்கள் ஐயா, படத்தில் அவருக்கு எதிரே ஒருவரும் இல்லை. ஐ.டி.யில் உட்கார்ந்தே எங்கள் முதுகு போகிறதே என்பவர்களின் வலி உண்மைதான். ஆனால் எழுந்து நடந்ததற்காக உங்களிடம் யாரும் பிடித்தம் செய்வதில்லை. சிறு கடைக்காரர் செலவுக்கு எங்கே போவார் என்ற கேள்விக்குப் பதில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

உண்மையில் எனக்கு முதலாளிகள்மீதுகூட இவ்வளவு கோபம் இல்லை. மெத்தையில் உட்கார்ந்து, அவர்கள் தரும் ரோஸ் மில்க்கைக் குடித்தபடி நாற்பது சேலைகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, ஒன்றும் எடுக்காமல் எழுந்துபோகும் நாம்தானே நிற்பதுதான் மரியாதை என்று அவர்களுக்குப் பழக்கியிருக்கிறோம்? என் சித்தி மகளே அந்தப் படத்துக்குச் சிரிப்புக்குறி இட்டிருக்கிறாள். அந்தச் சம்பளத்தில்தான் அவளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினேன்.

போன மாதம் சேலை எடுக்கப் போனபோது எதிரில் நின்ற பெண்ணிடம் "உட்காரும்மா" என்றேன். அவள் பின்னால் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். "இன்ஸ்பெக்‌ஷன் வந்தா மட்டும் எடுப்பாங்கக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த சேலையைப் பிரித்தாள்.