அவர் பாடகர் அல்லர்

"ஒரு பாடகர் போனால் இன்னொரு பாடகர் வருவார், இதற்கா இத்தனை புலம்பல்?" என்று என் நேற்றைய பதிவின் கீழ் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். எங்கள் தெருக்கோடி யூத ஜெப ஆலயத்தில் 22 ஆண்டுகள் ஹசானாக, அதாவது வழிபாட்டில் முன்னின்று வேண்டுதல்களை இசையோடு ஓதுபவராக, இருந்தவரை நிர்வாகக் குழு ஒற்றைக் கடிதத்தில் அனுப்பிவைத்த கதையைத்தான் நேற்று எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தைவிட நண்பரின் ஒரு சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஹசான் பாடகர் அல்லர்.

எபிரேயத்தில் அவருக்கு ஷெலியாக் சிப்பூர் என்றும் பெயர். சபை தன் சார்பில் அனுப்பும் தூதர் என்று பொருள். மரபுவழி ஆலயங்களில் அவர் சபைக்கு முதுகைக் காட்டி, யூத மறைநூலான தோராவின் சுருள்கள் இருக்கும் பேழையைப் பார்த்தபடிதான் பாடுவார். ரசிகர்களுக்கு முதுகைக் காட்டிக் கச்சேரி செய்யும் பாடகர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? மெட்டும் அவர் விருப்பத்துக்கு விட்டதன்று. வார நாளுக்கு ஒன்று, ஓய்வுநாளுக்கு ஒன்று, பெருநாளுக்கு ஒன்று என்று நூசாக் என்னும் மரபு வகுத்து வைத்திருக்கிறது. அதில் அடிக்கடி வரும் 'அஹவா ரபா' என்னும் இசைமுறை நம் வகுளாபரண ராகத்தின் சுரங்களைக் கொண்டது என்று நான் ஒருமுறை சொல்லப்போக, எங்கள் ஹசான் வாசலில் நிற்கவைத்தே அந்த ஆரோகணத்தை மூன்று முறை பாடச் சொல்லிக் கேட்டார்.

சென்ற ஆண்டு யோம் கிப்பூர் என்னும் பாவமன்னிப்பு நோன்பு நாளுக்கு அவர் அழைத்துப் போயிருந்தேன். அன்று தோல் காலணி ஆகாது என்பதால் வெள்ளை அங்கிக்குக் கீழே பழைய கான்வாஸ் ஷூ அணிந்திருந்தார். ஏறத்தாழ 25 மணி நேரம் தண்ணீர்கூடக் கிடையாது. முதல்நாள் அந்தியில், நோன்பைத் தொடங்கிவைக்கும் கோல் நித்ரேயை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் குரலை உயர்த்திப் பாடியவர், மறுநாள் நண்பகலில் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் பதித்தார். சேர்த்து வைத்த கால்கள் பிரியாதபடி இருவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபோது குரல் கரகரத்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யோசலே ரோசன்பிளாட் கேளிக்கை மேடைகளில் காசுக்குப் பாடவில்லையா?" என்று இன்னொருவர் கேட்கிறார். புகழ்பெற்ற ஹசானான அவர் பாடினார்தான், திவாலாகிக் கடனை அடைப்பதற்காக. ஆனால் 1918இல் சிகாகோ ஓபரா ஒரு நிகழ்ச்சிக்கு 1000 டாலர் தருவதாகச் சொல்லியும் அவர் போகவில்லை என்பதையும், 1927இல் 'தி ஜாஸ் சிங்கர்' படத்தில் தோன்றியபோதும் கோல் நித்ரேயைப் பாட மறுத்தார் என்பதையும் மட்டும் வசதியாக மறந்துவிடுகிறீர்கள்.

ஆலயத்தின் வருமானம் சுருங்கியது உண்மை, மறுக்கவில்லை. கிதார் வாசிக்கும் தன்னார்வலர்கள் இனிமையாகப் பாடுகிறார்களாம், மிக்க மகிழ்ச்சி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தோரா வாசிப்பின் இசைக்குறிகளை மாதக்கணக்கில் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கவும், கொட்டும் மழையில் கல்லறையருகே நின்று இறந்தவருக்கான 'எல் மாலே ரஹமிம்' வேண்டுதலைப் பாடவும் அந்த கிதார் வருமா?

"நீ யூதனே இல்லை, உனக்கென்ன?" என்பவர்களுக்கும் சொல்கிறேன். ஊரில் என் அப்பா இறந்து, விமானச் சீட்டு கிடைக்காமல் நான் நியூ ஜெர்சியில் சிக்கிக்கிடந்த இரவில், எங்கள் சமையலறையில் இரண்டு மணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தவர் அவர். கிளம்பும்போது அப்பாவின் பெயரைக் கேட்டு, 'ழ' வரும்வரை நான்கு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நண்பரே, உங்கள் பின்னூட்டத்தை நான் நீக்கப்போவதில்லை. பாடகர் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் நீங்களே திருத்திவிடுங்கள்.