செர்காஸை 'சலாமிஸ்' நாவலோடு நிறுத்திவிடாதீர்கள்

ஸ்பானிய எழுத்தாளர் ஹாவியர் செர்காஸ் என்றதும் எல்லோரும் 'சோல்ஜர்ஸ் ஆஃப் சலாமிஸ்' நாவலைத்தான் சொல்கிறார்கள். 2001இல் வந்து அவருக்குப் பெயர் வாங்கித் தந்த புத்தகம். நல்ல நாவல்தான். ஆனால் என்னைக் கேட்டால் 2014இல் வந்த 'தி இம்போஸ்டர்' அதைவிடப் பெரிது.

'சலாமிஸ்' கதை இதுதான். 1939 ஜனவரி கடைசி, ஸ்பெயின் உள்நாட்டுப் போர் முடியும் தறுவாய். கட்டலோனியாவில் பின்வாங்கும் குடியரசுப் படை கைதிகளைச் சுட்டுத் தள்ளுகிறது. அதில் தப்பி ஓடுகிறார் ரஃபேல் சான்செஸ் மாசாஸ். எழுத்தாளர், ஃபலாஞ்சே என்ற பாசிசக் கட்சியை நிறுவியவர்களில் ஒருவர். காட்டில் ஒளிந்திருக்கும் அவரை ஒரு சிப்பாய் பார்த்துவிடுகிறான். பார்த்தும், இங்கே யாரும் இல்லை என்று கத்திவிட்டுப் போய்விடுகிறான். ஏன்? இந்தக் கேள்வி நாவலை அபாரமாக இழுத்துச் செல்கிறது. ஆனால் கடைசியில் பிரான்ஸின் முதியோர் இல்லத்தில் மிராயெஸ் என்ற பழைய சிப்பாயைக் கண்டுபிடிக்கும் பகுதியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். படிக்கும்போது நானும் அழுதேன், அது வேறு விஷயம்.

'இம்போஸ்டர்' அப்படி ஆறுதல் தருவதில்லை. அதன் நாயகன் என்ரிக் மார்கோ நிஜ மனிதர். நாஜிகளின் ஃப்ளாசன்பர்க் முகாமில் கைதியாக இருந்தேன் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசியவர். மவுத்தாசன் முகாமில் வதைபட்ட ஸ்பானியர்களின் சங்கத்துக்கே தலைவரானவர். 2005இல் பெனிட்டோ பெர்மெஹோ என்ற வரலாற்றாய்வாளர் ஆவணங்களைத் தோண்டியபோது எல்லாம் பொய் என்று தெரிந்தது. மார்கோ 1941இல் ஜெர்மனிக்குத் தானாகவே வேலைக்குப் போனவர்!

செர்காஸ் அவரைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடவில்லை. அந்தப் போரில் குடியரசை வீழ்த்திச் சர்வாதிகாரியான ஃபிராங்கோ போனதும் தங்கள் கடந்த காலத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டவர்கள் ஸ்பெயினில் ஏராளம், மார்கோ அவர்களில் கொஞ்சம் அதிகமாகப் போனவர், அவ்வளவுதான் என்கிறார். நேரில் பட்டவர் சொன்னால் கேள்வி கேட்கக் கூடாது என்ற மரியாதைதான் மார்கோவை இத்தனை காலம் காப்பாற்றியது என்பது அவர் வாதம். நினைவு ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது என்றும் சொல்கிறார். இந்த இடத்தில் எனக்கு அவரோடு சண்டை உண்டு. அந்தக் காலத்தில் கொன்று புதைக்கப்பட்ட தாத்தாவின் எலும்பை இன்னமும் சாலையோரப் புதைகுழிகளில் தேடும் குடும்பங்களின் காதில் அந்தச் சொல் எப்படி விழும்?

பாசிஸ்டுகளிடம் இரக்கம் காட்டுகிறார் என்ற குற்றச்சாட்டை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 2017இல் வந்த 'லார்ட் ஆஃப் ஆல் தி டெட்' அவருடைய அம்மாவின் சித்தப்பா மனுவேல் மேனாவைப் பற்றியது. ஃபிராங்கோ படையில் சேர்ந்து, 1938இல் எப்ரோ போரில் 19 வயதில் செத்தவர். குடும்பத்துக்கு அவர் வீரர், செர்காஸுக்கோ வெட்கம். அந்தக் கதையைப் பல வருடம் தள்ளிப்போட்டு, கடைசியில் சொந்த ஊரான இபஹெர்னாந்தோவுக்கே போய் விசாரித்து எழுதினார். மேனா நின்ற பக்கம் தவறான பக்கம் என்பதை எங்கேயும் மழுப்பவில்லை.

எல்லாமே ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. 'இம்போஸ்டர்' படித்தவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள், மார்கோவைப் பற்றி நிறையப் பேச வேண்டும்.