மாட்டின் விலையும் டாக்டரின் கூலியும்

அண்ணன் மகளுக்கு நீட் ரேங்க் வந்த நாளிலிருந்து கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். அந்த ரேங்குக்கு அரசு எம்பிபிஎஸ் கிடைக்காது. தனியார் கல்லூரியில் சேரலாம், வருடத்துக்கு ஏழெட்டு லட்சம் கட்ட வேண்டும். திருச்சூர் பக்கத்து மண்ணுத்திக் கல்லூரியில் கால்நடை மருத்துவம் கிடைத்துவிடும். அவள் மண்ணுத்திக்கே போகிறேன் என்கிறாள். தென்னந்தோப்பில் பாதியை விற்றாவது எம்பிபிஎஸ் படிக்க வைக்கிறேன் என்று அண்ணன் நிற்கிறார். "மாட்டு டாக்டருக்கு என்னடா வருமானம் வரும்?" என்று என்னிடம் கேட்டார்.

நியாயமான கேள்விதான். இருபது வருடமாகக் கறவை மாடு வைத்திருப்பவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு படிப்புக்கும் பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருடம். கோபாலபுரம் தாண்டி அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் அரசு வேலைக்குப் போனால், இருவருக்கும் தொடக்க அடிப்படைச் சம்பளம் ஏறக்குறைய 56,000 ரூபாய். ராணுவத்தில் இருவருமே கேப்டனாகத்தான் சேர்கிறார்கள். மத்திய அரசில் தனியாக வைத்தியம் பார்க்காமல் இருப்பதற்குத் தரும் 20 சதவீதப் படியும் இருவருக்கும் உண்டு. நம் கேரளத்தில்தான் இடைவெளி. 2019 சம்பளத் திருத்தத்தில் மனித டாக்டருக்குத் தொடக்கம் 63,700, கால்நடை டாக்டருக்கு 55,200. இந்த 8,500 ரூபாய் வித்தியாசத்துக்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அண்ணன் கேட்டது அரசுச் சம்பளத்தை அல்ல. வெளியில் சம்பாதிப்பதைக் கேட்டார். அங்கேதான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எம்டி, அதற்கு மேல் ஒரு சிறப்புப் படிப்பு என்று முடித்த டாக்டரின் வருமானத்தைக் கிராமத்துக் கால்நடை டாக்டர் எட்டவே முடியாது. இதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

ஏன் எட்ட முடியாது? போன மழைக்காலத்தில் எங்கள் சிந்து மாடு கன்று போட முடியாமல் ராத்திரி பதினொரு மணிக்குத் தவித்தது. கன்றின் தலை பின்பக்கம் மடங்கிக் கிடந்தது. டாக்டரம்மா வந்து, சாணித் தரையில் படுத்து, தோள் வரைக்கும் கையை விட்டு, ஒன்றரை மணி நேரம் போராடிக் கன்றை எடுத்தார். தாயும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது. நான் கொடுத்தது 1,500 ரூபாய். அவர் 15,000 கேட்டிருந்தால்? அறுபதாயிரம் ரூபாய் மாட்டுக்குப் பதினைந்தாயிரமா என்று நான் யோசித்திருப்பேன். இந்தப் பக்கத்து விவசாயிகள் பலரும், செவ்வாய்க்கிழமை பொள்ளாச்சிச் சந்தைக்கு ஏற்றிவிடலாமா என்றுதான் கணக்குப் போடுவார்கள். ஆனால் அண்ணிக்குப் பிரசவத்தில் சிக்கலானபோது, எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் வளையலைக் கழற்றி அடகு வைத்தோம்.

டாக்டரம்மாவின் திறமை குறைந்ததல்ல. மாட்டின் விலைக்கு மேல் வைத்தியக் கூலி ஏற முடியாது, அவ்வளவுதான். கொச்சியிலும் கோவையிலும் நாய், பூனை பார்க்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே விலையைப் பார்த்து யாரும் வைத்தியம் செய்வதில்லை.

விவசாயியால் கொடுக்க முடியாததை அரசுதான் கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். எங்கள் சித்தூர் தாலுகாவில் எத்தனை வீட்டு அடுப்பு பால் சொசைட்டிப் பணத்தில் எரிகிறது! கன்று எடுக்கும் கையில் புருசெல்லா என்ற, மாட்டிலிருந்து மனிதருக்குப் பரவும் கிருமித் தொற்று ஏறும் ஆபத்தையும் சேர்த்தே கால்நடை டாக்டர்கள் சுமக்கிறார்கள். ராத்திரியில் கூப்பிட்டால் வருகிற டாக்டருக்குக் கூடுதல் படி கொடுப்பது நமக்குச் செய்து கொள்கிற உதவி.

சரி, அண்ணன் மகளுக்கு வருவோம், என் மகள் என்றே சொல்கிறேன், என் தோளில் வளர்ந்தவள். வெறும் எம்பிபிஎஸ்ஸோடு தனியார் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராக நிற்கும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். மேல்படிப்பு இடத்துக்கு மறுபடி வருடக்கணக்கில் ஓட்டம். தோப்பை விற்றுப் படித்தவளுக்கு அந்த வருடங்கள் எப்படிக் கழியும் என்று அண்ணனிடம் கேட்டேன். டாக்டரம்மா கையைக் கழுவும்போது பக்கத்தில் டார்ச் பிடித்து நின்றது அவள்தான். "சித்தப்பா, தலையை எப்படித் திருப்பினாங்க பார்த்தீங்களா?" என்று அன்றைக்கு விடியும் வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் இன்னும் சம்மதிக்கவில்லை. தோப்பை விற்கும் பேச்சை மட்டும் நேற்று நிறுத்தியிருக்கிறார்.