முளையா, மூளையா?

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்ற பழமொழிக்குப் பொருள் எழுதச் சொல்லியிருந்தார்கள். அப்போது இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை நான்கில் இருந்த என் மகள், "கெட்டிக்காரப் பிள்ளையை அதன் மூளையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்" என்று எழுதிவைத்திருந்தாள். வீடே சிரித்தது. சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இவள் முளையைப் பார்த்ததே இல்லையா என்ன? தொடக்கநிலை மூன்றில் பச்சைப்பயற்றை ஈரப் பஞ்சில் வைத்து, நாளுக்கொரு படம் எடுத்து, அறிவியல் பயிற்சித்தாளில் ஒட்டினாளே. பார்த்திருக்கிறாள். ஆனால் ஆங்கிலத்தில் 'ஷூட்' என்று பார்த்திருக்கிறாள். அந்த ஷூட்தான் இந்த முளை என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

இது நடந்தது சென்ற ஆண்டு பிப்ரவரியில். அதன் பிறகு அவள் பள்ளித் தோட்டத்துக்குச் சனிக்கிழமைகளில் பெற்றோர் தொண்டூழியராகப் போக ஆரம்பித்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். நல்ல பள்ளிதான், நல்ல மனிதர்கள்தான்.

கேன்டீனுக்குப் பின்னால், பலகை அடித்து உயர்த்திய ஆறு பாத்திகள். வெண்டை, கத்தரி, கங்கோங் கீரை, பண்டான் (ரம்பை), செரை (எலுமிச்சைப்புல்), ஓரத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. ஒவ்வொன்றுக்கும் நான்கு மொழிகளில் பெயர்ப்பலகை, கீழே கியூஆர் குறியீடு. பலகை செய்துகொடுத்த குழுவில் நானும் ஒருவன். ('வெண்டைகாய்' என்று ஒற்று இல்லாமல் அச்சாகி வந்தது. ஊரில் எந்தத் தமிழ்ப் பலகை தப்பாக இருந்தாலும் முதல் ஆளாகப் படமெடுத்து இணையத்தில் போடுகிறவன் நான். சத்தம் போடாமல் மார்க்கர் பேனாவால் ஒரு 'க்' போட்டுவிட்டு வந்தேன்.)

தண்ணீர் ஊற்றுவது ஒப்பந்த ஊழியர். களை எடுப்பதும் அவர்தான். பிள்ளைகள் வகுப்பாக வரிசையில் வந்து, குறியீட்டை ஸ்கேன் செய்து, தாளை நிரப்பிவிட்டுப் போவார்கள். 'தொடாதே' என்று எங்கும் எழுதவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாம் தவணை தொடங்கியதும், மார்ச் கடைசியில், வெண்டை விதை ஊன்றினார்கள். வெண்டை ஐம்பது அறுபது நாளில் காய்க்கும். பூ விழுந்து நாலைந்து நாளில் பறித்துவிட வேண்டும். கணக்குப் போட்டால் மே கடைசி. மே கடைசியில் என்ன வரும்? நான்கு வார ஜூன் விடுமுறை. பள்ளி திறந்து முதல் சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன், செடிக்குச் செடி சாண் நீளக் காய்கள் காய்ந்து, பழுப்பேறி, வரிவரியாக வெடித்து நிற்கின்றன. பத்தடி தள்ளிக் கேன்டீன். ஒரு காய்கூட அங்கே போய்ச் சேரவில்லை.

கைப்பேசியில் எடுத்த படத்தை அம்மாவிடம் காட்டினேன். அம்மா செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். வீட்டுக்குப் பின்னால் அவரைப் பந்தலும் வெண்டையும் இருந்தனவாம். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அடப்பாவமே, நெத்தாப் போச்சே" என்றார். நெற்று! அந்தச் சொல்லை நான் காதில் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது! பூம்பிஞ்சு, பிஞ்சு, காய், முற்றல், நெற்று என்று ஒரு காயின் ஆயுளுக்கே நம்மிடம் படிப்படியாகச் சொல் இருக்கிறது. பள்ளித் தோட்டத்துப் பலகையில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது, அதுவும் ஒற்று இல்லாமல்.

தோட்டப் பொறுப்பில் இருந்த அறிவியல் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். சீனப் பெண்மணி. "வருடா வருடம் இப்படித்தான்" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "இந்த முறை பிள்ளைகளே ஊன்றட்டும், ஆகஸ்ட்டில் சமைத்துவிடலாம்" என்றார்.

சொல்வது எளிது. தீ கூடாது, ஆகவே மின்சார அடுப்பு. ஒவ்வாமைப் படிவம். கத்திக்கு விதிமுறை. ஹலால் உண்ணும் பிள்ளைகள் இருப்பதால் யாரும் புழங்காத புதுச் சட்டி. ஆசிரியை சொந்தக் காசில் ஒன்று வாங்கி ஓவிய அறை அலமாரியில் பூட்டிவைத்தார்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் பறிப்பு. அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். அவருக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வரும், பாசார் மலாய், அதாவது சந்தைப் பேச்சு மலாய், சரளம். பிள்ளைகளிடம் அவர் நடத்திய பாடம் ஒரு நிமிடம்கூட இல்லை. காயின் முனையை விரலால் ஒடித்துக் காட்டினார். டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்து கொடுத்தால் முற்றல். அவ்வளவுதான். அடுத்த அரை மணி நேரம் ஒரு மலாய்ப் பையன் பாத்தி பாத்தியாக ஓடி "முற்றல்! முற்றல்!" என்று அறிவித்துக்கொண்டே இருந்தான். என் மகளைவிட அவன் உச்சரிப்பில் 'ற்ற' சுத்தமாக இருந்தது.

நறுக்கும்போது அடுத்த பாடம். கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் வெண்டையை நறுக்க வேண்டும், நறுக்கிவிட்டுக் கழுவினால் வழவழப்பு பிடித்துக்கொள்ளும் என்றார் அம்மா. ஏன் என்று ஒருத்தி கேட்டாள். அம்மாவுக்குப் பதில் தெரியாது, அவருக்கு அது கைப்பழக்கம். ஆசிரியை ஒரு துண்டைத் தண்ணீர்க் கோப்பையில் போட்டுச் சற்று நேரம் கழித்துக் குச்சியால் தூக்கிக் காட்டினார். நூல் நூலாகக் கொழகொழவென்று இழுத்துக்கொண்டு வந்தது. "ஸ்லைம்!" என்று மொத்தக் கூட்டமும் கத்தியது. அதுவரை வெண்டைக்காயைத் தட்டின் ஓரம் ஒதுக்கிவந்த என் மகளும் சேர்த்துத்தான்.

பொரியலில் கறிவேப்பிலை, வெங்காயம், கொஞ்சம் மஞ்சள். ஆளுக்கு இரண்டு கரண்டிகூட வரவில்லை. ஆனால் எல்லாரும் ஒரே சட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள். கேன்டீனில் இதே பிள்ளைகள் ஒரே மேசையில்தான் உட்காருகிறார்கள், தட்டு மட்டும் தனித்தனி. ஒருத்தி ஹலால், ஒருத்தி சைவம், ஒருவனுக்கு மாட்டிறைச்சி ஆகாது. ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்கு உடை மாற்றிப் போட்டுக்கொண்டு படமெடுப்பதைவிட அந்த இரண்டு கரண்டி எனக்குப் பெரிதாகப் பட்டது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், பள்ளித் தோட்டம் என்றதும் எல்லாரும் உணவுப் பாதுகாப்பு என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நாம் உண்பதில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. 2030-க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்போம் என்று 2019-இல் வைத்த இலக்கையே 2025 நவம்பரில் விட்டுவிட்டு, 2035-க்கு நார்ச்சத்தில் 20, புரதத்தில் 30 விழுக்காடு என்று மாற்றிக்கொண்டார்கள். பெரிய பண்ணைகளுக்கே மூச்சு வாங்குகிறது. ஆறு பாத்தி வெண்டை நாட்டைக் காப்பாற்றாது, அது அதன் வேலையும் இல்லை.

இதில் வெளியூர்க்காரர்கள் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பெர்க்லியில் 1995-இல் ஆலிஸ் வாட்டர்ஸ், மெல்பர்னின் காலிங்வுட் காலேஜ் பள்ளியில் 2001-இல் ஸ்டெஃபனி அலெக்சாண்டர் என இருவர் பள்ளித் தோட்டம் தொடங்கினார்கள். இரண்டு பேரும் உணவகம் நடத்தியவர்கள். அதனாலோ என்னவோ, தோட்டம் கேட்டபோதே அடுப்பையும் சேர்த்துக் கேட்டார்கள். விதைப்பது, பறிப்பது, சமைப்பது, உட்கார்ந்து பகிர்ந்து உண்பது, இத்தனையும் சேர்ந்தால்தான் அவர்களுக்கு ஒரு பாடம். நாம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்குக் கியூஆர் ஒட்டியிருக்கிறோம்.

2026 ஜனவரியிலிருந்து 13 பள்ளிகளில் சாப்பாடு மையச் சமையலறையிலிருந்து வருகிறது. கேன்டீனில் கடை எடுத்து நடத்த ஆள் கிடைக்கவில்லை, கல்வி அமைச்சைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் காலத்தில் கேன்டீனில் வரிசையில் நிற்கும்போதாவது வெங்காயம் வதங்கும் வாசம் வரும், மக்சிக் (கடைக்கார மலாய் அம்மா) என்ன போடுகிறார் என்று எட்டிப் பார்க்கலாம். அதுவும் போகிற காலத்தில், பின்னால் இருக்கிற ஆறு பாத்தியையாவது பிள்ளைகள் கையில் கொடுக்கலாம் என்பதுதான் என் வழக்கு.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள், தெரியும். பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. 2023-க்குள் அரையாண்டுத் தேர்வை எல்லா நிலைகளிலும் எடுத்துவிட்டார்கள் அல்லவா, அப்படி மிச்சமான நேரம் எங்கே போனது? துணைப்பாட வகுப்புக்கு. என் வீட்டிலும்தான். அவளைச் சனிக்கிழமைக் கணித வகுப்பிலிருந்து நிறுத்தித் தோட்டத்துக்கு அழைத்துப்போக எனக்கே மூன்று மாதம் பிடித்தது. வெண்டை விளைகிற நேரத்தைவிட அதிகம்.

ஜூனில் வெடித்து நின்ற நெற்றுகளைப் பிள்ளைகள் உரித்து விதை எடுத்திருந்தார்கள். கரும்பச்சையாக, மிளகு அளவில். அதில் ஒரு பிடியை அம்மா மைலோ டப்பாவில் போட்டு, மூடியில் தேதி எழுதிவைத்திருக்கிறார்.

இந்த ஆண்டு அந்த ஆசிரியை வேறு பள்ளிக்கு மாறிப் போய்விட்டார். புதிதாகப் பொறுப்பேற்றவர் இளைஞர், நன்றாகவே பேசினார். இரண்டாம் தவணைக்கு என்ன திட்டம் என்று கேட்டேன். பலகைகளை மாற்றப் போகிறார்களாம். சட்டி இன்னும் ஓவிய அறையில்தானே இருக்கிறது என்றேன்.

"எந்தச் சட்டி?" என்றார்.

திங்கட்கிழமை திரும்பப் போகிறேன். டப்பாவையும் எடுத்துக்கொண்டு.