கழட்டிக்கலாம் என்றார்கள்

எங்கள் மண்டியில் அரிசி மூட்டை இப்போது 26 கிலோ. 2022 ஜூலையில், 25 கிலோ வரைக்கும் பேக் செய்த அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி போட்டார்கள். மில்காரர்கள் ஒரு கிலோ சேர்த்துத் தைத்து அனுப்ப ஆரம்பித்தார்கள். அந்த மூட்டைகளை எடை போடும் மேடைத் தராசில் போன வைகாசியில் ஒரு மத்தியானம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நான் ஏறி நின்றேன். 118.4. நாலரை மூட்டையும் கொசுறும். மூட்டை இறக்கும் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "தராசு சரியாத்தான் இருக்குண்ணே, காலையிலதான் படிக்கல் வச்சுப் பார்த்தேன்" என்றான். நான் கேட்கவே இல்லை.

வயது 46, உயரம் 168 செ.மீ. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, போட்டால் 42-க்குக் கொஞ்சம் கீழே. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. ராத்திரி குறட்டை நடுவில் நின்று மூச்சும் நிற்கிறது என்று மனைவி உட்கார்ந்துகொண்டே விடிய வைத்த இரவுகள் உண்டு. அதனால்தான் எடை குறைப்பு ஆபரேஷன் பேச்சே வந்தது. அழகுக்காக இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அழகுக்காக என்றாலும் தப்பில்லை, அது வேறு.

இதை எழுதக் காரணம், போன வாரம் கடைக்கு வந்த ஒரு தம்பி. அவனும் என் சைஸ்தான். "அண்ணா, வயித்துல பேண்டு போட்டுக்கலாம்னு இருக்கேன். வெட்டறதில்ல, தைக்கிறதில்ல. புடிக்கலன்னா கழட்டிக்கலாமாம்" என்றான். கழட்டிக்கலாம். இந்த ஒரு சொல்லை நம்பி நானும் ஆறு மாதம் சுற்றினேன். அதனால் இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, அரிசி வியாபாரி.

பேண்டு என்றால் என்ன? இரைப்பையின் மேல்பக்கம் ஒரு சிலிக்கோன் வளையத்தை மாட்டிவிடுவார்கள். வளையத்தின் உள்பக்கம் பலூன் மாதிரி ஒரு குழாய். அதிலிருந்து சின்ன டியூப் ஒன்று வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு பொத்தானில் முடியும். அந்தப் பொத்தானில் ஊசி போட்டு உப்புத் தண்ணீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். வளையத்துக்கு மேலே ஒரு சின்னப் பை மாதிரி இடம் உண்டாகிவிடும். நாலு வாய் சாப்பிட்டதும் அது நிரம்பி, போதும் என்று தோன்ற வேண்டும் என்பது ஏற்பாடு. சாவித்துவாரம் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபியில் இதை முதலில் மாட்டியது பெல்ஜியத்தில், 1993-ல். அமெரிக்காவில் 2001-ல் அனுமதி கிடைத்தது. அதற்கப்புறம் ஒரு பத்து வருடம் அங்கே கொடிகட்டிப் பறந்தது.

அந்தப் பத்து வருடத்தில்தான் எங்கள் பெரியம்மா மகள் நியூஜெர்சியில் போட்டுக்கொண்டாள். 2009. முதல் வருடம் 22 கிலோ இறங்கி, போட்டோ அனுப்பினாள். குடும்பமே வாயைப் பிளந்தது.

2013-ல் காட்பாடியில் ஒரு கல்யாணத்துக்கு வந்தாள். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை. சாம்பார் சாதம் ஒரு கை எடுத்து ரொம்ப நேரம் மென்றாள். இன்னொரு கை. மூன்றாவது கையில் நெஞ்சில் முஷ்டியை வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். "என்னக்கா?" என்றேன். கையால் சும்மா இரு என்று ஜாடை காட்டிவிட்டு எழுந்து கைகழுவும் இடத்துக்குப் போனாள். பின்னாடியே போனேன். வாந்தி இல்லை அது. உலையில் சோறு பொங்கும்போது மூடியைத் தள்ளிக்கொண்டு வருமே ஒரு நுரை, அந்த மாதிரி வாய் வாயாக நுரை. துப்பித் துப்பி, புடவைத் தலைப்பால் வாயை ஒத்திக்கொண்டு, "சோறு மாட்டிக்கிச்சுடா, வாரத்துல ரெண்டு நாள் இப்படித்தான்" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் யாரோ ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வந்திருந்தார்கள். பாகில் ஊறியது, வாயில் போட்டால் கரையும். அக்கா நாலு சாப்பிட்டாள். ஒரு தடங்கலும் இல்லை. அதுதான் பேண்டின் குணம் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. சோறு, ரொட்டி, நார் நாராக இருக்கும் கறி எல்லாம் வளையத்தில் சிக்கும். ஐஸ்கிரீம், ஜூஸ், பாயசம், பேடா எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கும். நல்ல சாப்பாடு சாப்பிடப் பயந்து, வலிக்காததைச் சாப்பிடப் பழகிவிடுகிறார்கள். அக்காவைக் குறை சொல்லி என்ன? வலிக்கிற பக்கம் யார் போவார்கள்?

2016-ல் ஒரு ராத்திரி எச்சில்கூட இறங்கவில்லையாம். வளையம் நழுவி, கீழே இருக்க வேண்டிய இரைப்பை மேலே ஏறிவிட்டது. அவசரமாக உப்புத் தண்ணீரை எடுத்துவிட்டு, அப்புறம் ஆபரேஷன் செய்து வளையத்தையே எடுத்தார்கள். சொன்னபடி கழட்டியாயிற்று. ஆனால் ஒன்றரை வருடத்தில் இறங்கின 22 கிலோவும் வட்டியோடு திரும்பி வந்தது. 2018-ல் பைபாஸ் செய்துகொண்டாள். இருதய பைபாஸ் இல்லை, இரைப்பையைச் சின்னதாக்கி, குடலில் கொஞ்சம் தள்ளி இணைத்துவிடுவது. பழைய வளையம் இருந்த இடத்தில் தழும்பு இறுகி ஒட்டிக்கிடந்ததால் அந்த ஆபரேஷன் வழக்கத்தைவிட நேரம் பிடித்தது என்று சொன்னாள். ஆக மொத்தம் மூன்று ஆபரேஷன். சின்னது என்று ஆரம்பித்தது.

அக்கா ஒருத்தி கதையை வைத்து நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2011-ல் நடந்த எடை குறைப்பு ஆபரேஷன்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேண்டு. 2019-ல் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. ஒரு ரக அரிசி எட்டு வருடத்தில் இப்படி மார்க்கெட்டை விட்டே போனால் நான் அதை ஸ்டாக் வைக்க மாட்டேன். நழுவுவது, வளையம் இரைப்பைக்குள் அரித்துக்கொண்டு இறங்குவது, டியூபில் கசிவு, இல்லாவிட்டால் எடையே போதுமான அளவு இறங்காதது என்று ஏதோ ஒரு காரணத்தால் திரும்பவும் ஆபரேஷன் மேஜைக்குப் போனவர்கள் அங்கே ஏராளம்.

இன்னொன்று. பேண்டு என்பது மாட்டிவிட்டு மறக்கிற சாமான் இல்லை. எடை இறங்க இறங்க அதை இறுக்க வேண்டும், அடைத்தால் தளர்த்த வேண்டும். முதல் வருடம் அடிக்கடி போகணும், அப்புறம் ஆயுசுக்கும். எங்கள் வேலூரில் காந்தி ரோட்டுப் பக்கம் போனால் பாதி போர்டு வங்காளத்தில் இருக்கும். அங்கே இருக்கும் மெஸ்களுக்கு நான்தான் புழுங்கல் போடுகிறேன். கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் ரயில் ஏறி வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்குகிறவர்கள், ரிட்டர்ன் டிக்கெட் தேதியைப் பார்த்துக்கொண்டேதான் டாக்டரைப் பார்ப்பார்கள். அவர்களில் ஒருவர் பேண்டு மாட்டிக்கொண்டு ஊருக்குப் போய், அங்கே சோறு அடைத்தால் யார் ஊசி போட்டுத் தளர்த்துவது? அவர்களை விடுங்கள். உள்ளூர்க்காரனான எனக்கே, மாட்டிவிட்ட டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டால் கதி என்ன?

அந்தத் தம்பி முதலில் போன ஒரு கிளினிக்கில் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. முன்னாடி படம், பின்னாடி படம், இஎம்ஐ வசதி, அவ்வளவுதான். பேர் சொல்ல மாட்டேன். நான் பார்த்த சர்ஜன் நேர்மாறு. பேண்டு என்று நான் வாயெடுத்ததும், "அதை நான் விட்டு வருஷக்கணக்காச்சு" என்றார். "கழட்டிக்கலாமே சார்" என்றேன். சிரித்துவிட்டு, "கழட்டிட்டு எங்க போவீங்க?" என்று கேட்டார்.

எங்கே போவேன்? 118.4-க்குத்தான். திரும்பி வர வழி வேண்டும் வேண்டும் என்று நான் தேடிக்கொண்டிருந்த இடம், நான் வெளியே வரத் துடித்த அதே இடம். இது எனக்கு உறைக்க ஆறு மாதம் ஆனது.

அதற்காக மற்ற ஆபரேஷன்கள் அல்வா என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்லீவ் என்பதில் இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். போனது போனதுதான். பசியைக் கிளப்பும் ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிற பகுதியும் அதோடு போவதால் பசியே குறைகிறது. பேண்டில் அது கிடையாது, பசி அப்படியே இருக்கும், வழிதான் குறுகும். ஸ்லீவில் தையல் போட்ட இடம் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு அது கூடும், அவர்களுக்கு பைபாஸ் சொல்கிறார்கள். எதுவானாலும் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுசு பரியந்தம். முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். எனக்குக் கொட்ட ஒன்றும் மிச்சமில்லை. 2024 ஏப்ரலில் புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு எடை குறைப்பு ஆபரேஷனுக்கு வந்த 26 வயசுப் பையன் இறந்துபோன செய்தியை எல்லோரும் படித்திருப்பீர்கள். என் அம்மாவும் படித்தாள். அந்தப் பேப்பரை மடித்து இன்னமும் பீரோவில் வைத்திருக்கிறாள்.

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்கிற அந்த மாதிரி ஊசி இந்தியாவுக்கு வந்தபோது ஆரம்ப டோஸுக்கே வாரம் 3,500 ரூபாய். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்புகிறது. என்னைவிடக் குறைந்த எடைக்காரர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். என் கேஸில் டாக்டரே ஆபரேஷன் பக்கம்தான் சாய்ந்தார்.

இன்சூரன்ஸ் எடுத்திருப்பவர்கள் பாலிசியில் ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள். பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் உண்டு. 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கட்டுக்கு அடங்காத சர்க்கரை, தூக்கத்தில் கடுமையான மூச்சுத் தடை, இருதயக் கோளாறு மாதிரி ஒன்று சேர்ந்தாலும் உண்டு. நம் உடல்வாகுக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கோ இதைவிடக் குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு டாக்டர் செய்யலாம் என்பார், இன்சூரன்ஸ்காரர் முடியாது என்பார். இன்னும் கொஞ்சம் குண்டாகிட்டு வாங்க என்று சொல்வது மாதிரிதான் இது.

அப்புறம், "வாயைக் கட்டுனா போதும்" கோஷ்டிக்கு ஒரு வார்த்தை. கட்டினேன் சார். மூன்று தடவை கட்டினேன். தினம் விடியற்காலை கோட்டை மைதானத்தில் அகழி ஓரமாக நடந்தேன். ஒரு தடவை 16 கிலோகூட இறங்கினேன். அடுத்த வருடம் 19 ஏறியது. ஒல்லியாக இருக்கும் என் மச்சான் ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் ரெண்டு பிளேட் பிரியாணி அடித்துவிட்டு வந்து எனக்குக் கட்டுப்பாடு பற்றிப் பாடம் எடுக்கிறான். அவன் வாயை யாரும் கட்டச் சொல்லவில்லை.

முடிவு எடுத்துவிட்டேன். பேண்டு இல்லை, ஸ்லீவ். எண்டாஸ்கோபி பார்த்தாயிற்று, தூக்கப் பரிசோதனை ஆயிற்று, மனநல டாக்டரும் அரை மணி நேரம் பேசினார். அவர்தான் கேட்டார், "உங்க தொழிலுக்கு இடைஞ்சல் வருமா?" என்று. புது லோடு வந்தால் நான் ஒரு கைப்பிடி வடித்து, வெறும் சோறாகச் சாப்பிட்டுப் பார்த்துத்தான் விலை பேசுவேன். ஆரணிப் பொன்னியா, அதில் வேறு எதையாவது கலந்திருக்கிறார்களா என்று நாக்கு சொல்லிவிடும். இனிமேல் அது ரெண்டு ஸ்பூன்தான். ரெண்டு ஸ்பூன் போதும் என்று நினைக்கிறேன். எங்க அப்பா அரிசியாகவே நாலு மணியைக் கடித்துத் துப்பிவிட்டு விலை சொல்வார்.

அடுத்த மாதம் முதல் வாரத்திலிருந்து ரெண்டு வாரம் நீராகாரம் மட்டும். கல்லீரல் கொழுப்பு வடிந்து சுருங்கினால்தான் அவர்களுக்கு உள்ளே இடம் கிடைக்குமாம். அதற்கு முன்னால் "கடைசி பிரியாணிக்கு ஆம்பூர் போலாம் வாங்க மாமா" என்று மச்சான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். நான் வரவில்லை, நீ போ என்றேன். சீரக சம்பா நம்ம கடையில் எடுப்பதுதானா என்று மட்டும் அந்தக் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். போன மாசம் ஆர்டர் வரவில்லை.