சப்வூஃபரை எங்கே வைத்தால் என்ன?

எங்கள் ஊர் தக்கலைக்குப் பக்கம். கோயில் கொடை நாளில் ராத்திரி திண்ணையில் படுத்தால், ஒரு கிலோமீட்டர் தள்ளி ஓடுகிற பாட்டில் ஒரு வரிகூடப் புரியாது. ‘தும் தும்’ மட்டும் ரப்பர் தோட்டத்தைத் தாண்டி, நாலு வீட்டைச் சுற்றிக்கொண்டு தலையணை வரைக்கும் வந்துவிடும். கீச்சுக் குரலை மரமும் சுவரும் காற்றும் வழியிலேயே தின்றுவிடும். அந்தத் ‘தும் தும்’ அடியொலியை, அதாவது பேஸை, அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. கார் ஆடியோவில் பணத்தைக் கொட்டிய பிறகுதான் இந்தக் கதை எனக்கு விளங்கியது.

நாகர்கோவிலில் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) டிக்கிக்குள் 12 இஞ்ச் சப்வூஃபர் மாட்டினேன்; பேஸுக்கென்றே இருக்கிற ஸ்பீக்கர், சுருக்கமாக ‘சப்’. பின்சீட்டில் இருந்தால் நெஞ்சு அதிருகிறது. டிரைவர் சீட்டில் வந்து உட்கார்ந்தால் பேஸைக் காணோம். திரும்பப் போய்ச் சொன்னதற்கு, “அண்ணே, வாட்ஸ் பத்தல. இன்னொரு சப் போட்டு லெஃப்ட் ரைட்டா பிரிச்சிரலாம்” என்றான் கடைப் பையன். நல்லவேளை, அன்று கையில் காசு இல்லை.

நம்மூர் வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். 40 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 40 அதிர்வு) பேஸில் ஒரு அலையின் நீளம் கிட்டத்தட்ட 8.75 மீட்டர். என் ஹேட்ச்பேக்கின் மொத்த நீளமே 4 மீட்டருக்குள்தான். அதாவது அந்த ஒரு அலைக்குள் இரண்டு காரை நிறுத்தலாம். நம் இரண்டு காதுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. இத்தனை நீளமான அலை இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே அளவில் விழுகிறது. தலையும் அதை மறைப்பதில்லை. அப்புறம் இடமா வலமா என்று காது எதை வைத்துச் சொல்லும்? சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே லெஃப்ட் சப், ரைட் சப் என்று பிரிப்பது வீண் செலவு என்றே சொல்வேன். கீச்சுக் குரலைப் பாடுகிற குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டர் கதை வேறு. 5000 ஹெர்ட்ஸில் அலை வெறும் 7 சென்டிமீட்டர். கொஞ்சம் திருப்பி வைத்தாலே பாட்டு மாறிவிடும்.

சரி, என் பேஸ் எங்கே போயிற்று? டோர் ஸ்பீக்கரும் சப்பும் 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரே ஒலியைப் பாடுகின்றன. ஒன்று காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுத்தால், இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒலி செத்துப்போகும். அந்த இடம் சரியாக என் தலை இருக்கிற இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிக்கியைத் திறந்து, சப்புக்குப் போகும் இரண்டு வயரையும் பிளஸ் மைனஸ் மாற்றிச் சொருகினேன். ஆம்ப்பை (ஒலியைப் பெருக்குகிற ஆம்ப்ளிஃபையரை) தொடவில்லை. சீட்டில் வந்து உட்கார்ந்தால், காணாமல் போன பேஸ் மடியில் இருக்கிறது! எல்லா காரிலும் இப்படியே ஆகும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு விதமாகவும் மாட்டிக் கேட்டு, எது கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது கதவு. பிளாஸ்டிக்கைக் கழற்றினால் உள்தகட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள். ஸ்பீக்கரின் முதுகுப் பக்க ஒலி அந்த வழியாக வெளியே வந்து முன்பக்க ஒலியைத் தின்றுகொண்டிருந்தது. அதிர்வை அடக்குகிற டேம்பிங் ஷீட் ஒட்டி அடைத்தேன். எனக்குக் கேட்டால், புது ஆம்ப் வாங்குவதற்கு முன் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

முட்டம் கடற்கரையில் நாலு கதவையும் டிக்கியையும் திறந்து போட்டுப் பாட்டு வைக்கிறவர்களைப் பார்த்தால் இப்போது சிரிப்பு வருகிறது. கார் மூடியிருக்கும்போது சப் சைக்கிள் பம்பு மாதிரி உள்ளே இருக்கிற காற்றை மொத்தமாக அமுக்குகிறது. அடிப்பேஸ் அதில்தான் ஏறுகிறது. கதவைத் திறந்தால் அந்த அமுக்கம் கடலுக்குப் போய்விடும். அதை ஈடுகட்ட வால்யூமை முறுக்குகிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் பின்னாலிருந்து ஏதோ ‘டர்ர்’ என்றது. பேஸ் இருக்கிற இடம் தெரியாது என்றால் இது எப்படித் தெரிகிறது? தேடினால், நம்பர் பிளேட். பேஸ் அடிக்கும்போதெல்லாம் தகடு நடுங்கி, அதன் மேல்ஸ்தாயிச் சத்தம் காட்டிக்கொடுத்தது. பின்னால் ஒரு துண்டு ஃபோம் வைத்தேன், அடங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் என் கூட்டுக்காரனை முன்சீட்டில் உட்காரவைத்துப் பாட்டுப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டான். அப்புறம் டேஷ்போர்டைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “எலே மக்கா, சப்ப இதுக்குள்ளயா வச்சிருக்க?”