அரை அங்குலம் சேர்த்தா, சேர்க்காமலா?

ஏப்ரன் தைப்பது பெரிய வித்தை இல்லை. நெஞ்சுப் பகுதி, கீழே அகலம், கை வரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு வளைவு, நாடா, பாக்கெட். ஆனால் இந்த அமெரிக்க பேட்டர்ன்களை, அதாவது பல தாளில் அச்செடுத்து ஒட்டி, துணி மேல் வைத்து வெட்டும் அளவு வரைபடங்களை, வைத்துத் தைக்கப் போனால் உயிர் போகிறது.

அவை 8.5க்கு 11 அங்குல லெட்டர் தாளுக்கு வரைந்தவை. நம் ஊர் ஜெராக்ஸ் கடையில் இருப்பது ஏ4, அகலம் 21 சென்டிமீட்டர்தான். தாளுக்குள் அடக்குகிறேன் என்று கம்ப்யூட்டர் அதைச் சுமார் 97 சதவீதமாகச் சுருக்கிவிடுகிறது. 30 அங்குல நீளத்தில் முக்கால் அங்குலத்துக்கு மேல் போயே போச்சு! அளவு சரிபார்க்க ஒரு அங்குலக் கட்டம் போட்டிருப்பார்கள். அதைக் கடைசிப் பக்கத்திலா வைப்பது? நான் 12 தாளையும் ஒட்டி முடித்த பிறகுதான் பார்த்தேன்.

அதைவிட எரிச்சல், தையலுக்காக ஓரத்தில் விடும் அரை அங்குலம் வரைந்த கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று எழுதாமல் விடுவது. அந்த ஒரு வரி இல்லாததால் அம்மாவுக்குத் தைத்தது இரண்டு பக்கமும் குறைந்துவிட்டது. பருத்தித் துணியை முதலில் நனைத்துக் காயவைத்து வெட்டச் சொல்லவும் இல்லை. அதனால் முதல் துவைப்பில் இன்னும் சுருங்கியது.

வளைவுக்குத் துணியைக் கிராஸாக, அதாவது மூலைவாட்டில், வெட்டிப் பட்டி வைத்து, இரண்டு மாலை உட்கார்ந்து தைத்தேன். முழங்காலுக்கு வர வேண்டியது தொடையிலேயே நிற்கிறது. அம்மா அதையும் கட்டிக்கொண்டுதான் சமைக்கிறார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறவில்லை.